கோட்டை வளர்த்த ஊர்

கிழக்கே கோட்டை என்னும் பெயரை நாள்தோறும் உச்சரிக்காத நா இந்நகரில் இல்லை. பேருந்து ஏறுவோரும் இறங்குவோரும், சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கெடுக்க வருவோரும், அனந்தபத்மநாபனைத் தொழச் செல்வோரும் அப்பெயரைச் சொல்லியே வழி கேட்கின்றனர். ஆயினும் அக்கோட்டை யாது, அதனைக் கட்டியவர் யார், அதனைச் சுற்றி இவ்வூர் எவ்வாறு வளர்ந்தது என்று நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பல ஆண்டுகளாக அதன் வாயிலைக் கடந்து அலுவலகம் சென்று வரும் எளியேனும் அவ்வாறு எண்ணாதவனாகவே இருந்தேன். எண்ண வைத்தது ஒரு படிவம்.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்குப் படிவங்களை நிரப்புவதே தொழில். ஆனால் பள்ளியிலிருந்து என் மகள் கொண்டுவந்த படிவம் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. ‘சொந்த ஊர்’ என்னும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். என் பாட்டனார் கல்குளம் வட்டத்தில் திருவிதாங்கூர் மன்னரின் குடியாகப் பிறந்தவர். என் தந்தையார் அதே வீட்டில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பிறந்தவர். அதே வீட்டில் நான் தமிழ்நாட்டில் பிறந்தேன். என் மகள் கேரளத்தில், இந்நகரில் பிறந்தவள். நான்கு தலைமுறைக்கு நான்கு ஆட்சிப் பெயர்கள்! ஆனால் அந்த வீட்டிற்கும் இந்நகரிற்கும் இடைப்பட்ட தொலைவு அறுபது கிலோமீட்டருக்கும் குறைவு. “அப்பா, நாம் எந்த ஊர்க்காரர்கள்?” என்ற வினாவிற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

கோட்டையடி ஊர்கள்

அரண் ஒன்றைச் சுற்றி ஊர் வளர்வது உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஜப்பான் நாட்டில் இத்தகைய ஊர்களுக்கென்றே ‘ஜோகாமாச்சி’ என்றொரு பெயர் உண்டு. கோட்டையின் அடியில் அமைந்த ஊர் என்பது அதன் பொருள். அவற்றுள் ஒன்று கனசாவா. 1583-ஆம் ஆண்டில் மயேடா தொஷியியே என்னும் தலைவன் அங்குள்ள கோட்டையில் குடிபுகுந்தான். கோட்டையைச் சுற்றி வீரர்களின் தெருக்கள் அமைந்தன. அவற்றிற்கு அப்பால் வணிகர், தச்சர், கொல்லர் ஆகியோரின் பேட்டைகள் எழுந்தன. பகைவர் நேரே பாய்ந்து வந்துவிடாதபடி தெருக்கள் வளைந்தும் நெளிந்தும் போடப்பட்டன. 1881-ஆம் ஆண்டின் தீயில் கோட்டையின் பெரும்பகுதி அழிந்தது. பின்னர் அம்மனையில் ஒரு பல்கலைக்கழகமே பல ஆண்டுகள் நடைபெற்றது. ஆயினும் அந்நகர் தன் பழைய முகத்தை இழக்கவில்லை. தலைவன் காலத்தில் வளர்ந்த கைத்தொழில்கள் நிலைத்தன. ஜப்பான் நாட்டின் தங்கத்தாள் ஏறக்குறைய முழுவதும் இன்றும் அந்நகரிலேயே தட்டி உருவாக்கப்படுகிறது.

கனசாவாவைப் பற்றிப் படித்த செய்திகளுள் ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. புதிய முகவரி முறை வந்தபோது அந்நகரின் பழைய தெருப்பெயர்கள் பல நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான கஸுவெமாச்சி என்னும் பெயர் 1999-ஆம் ஆண்டில் மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவரப்பட்டது. மதில் போனாலும் பெயர் போகலாகாது என்று அம்மக்கள் கருதினர் போலும். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு நம் ஊரை நோக்கினால் எத்தனையோ உண்மைகள் புலப்படுகின்றன.

முதற் கோட்டை: பத்மநாபபுரம்

திருவனந்தபுரத்துக் கோட்டையின் கதை திருவனந்தபுரத்தில் தொடங்கவில்லை. இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், தக்கலையை அடுத்து வேளிமலையின் அடிவாரத்தில் உள்ள பத்மநாபபுரத்தில் தொடங்குகிறது. கல்குளம் என்பது அதன் பழம்பெயர். 1600-ஆம் ஆண்டை ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் அங்கு அரண்மனை எழுப்பினார் என்பர். பின்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில் அது விரிவும் வலிவும் பெற்றது. ஊரும் பத்மநாபபுரம் என்ற புதுப்பெயர் பூண்டது. ஏறத்தாழ 186 ஏக்கர் பரப்பைக் கருங்கல் மதில் சூழ்ந்து நிற்கிறது. அதனுள் அரண்மனை ஆறு ஏக்கர் அளவே. எஞ்சியதெல்லாம் தெருவும் வீடும் கோயிலும் குளமும். அரசனுக்கு ஆறு பங்கு, ஊருக்கு நூற்றெண்பது பங்கு என்னும் இக்கணக்கே ஒரு கோட்டையூரின் இலக்கணத்தை நமக்குச் சொல்லிவிடுகிறது.

மரத்தால் இழைத்த அவ்வரண்மனையின் தாய்க் கொட்டாரத்தையும், மந்திரசாலையையும், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் கண்டு வியவாதார் இல்லை. ஈராயிரம் பேர் ஒரே நேரத்தில் உண்ணத்தக்க ஊட்டுப்புரை இரு தளங்களாக நீண்டு கிடக்கிறது. அரியணை இருந்த இடத்தைவிட அன்னம் இட்ட இடம் பெரிதாக இருப்பது எண்ணத் தக்கது.

பத்மநாபபுரத்திற்கு அண்மையில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை உள்ளது. 1741-ஆம் ஆண்டில் குளச்சல் போரில் ஒல்லாந்தரை வென்ற மார்த்தாண்டவர்மர், அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்னும் படைத்தலைவனைக் கொல்லாது தம் படையிலேயே அமர்த்திக் கொண்டார். ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்ற அவன் கோட்டைகளைப் புதுக்கினான், பீரங்கிகள் வார்ப்பித்தான், 1777-ஆம் ஆண்டில் இறந்து உதயகிரியிலேயே அடக்கம் செய்யப்பட்டான். அவன் கல்லறையில் இலத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்த ஒருவனது கல்லறையின் மீது நம் தாய்மொழி இடம் பெற்றிருக்கிறது. அந்நாளில் அம்மண்ணில் வாழ்ந்தோர் படித்தறிய வேண்டுமாயின் தமிழில் எழுதவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரண்டாம் கோட்டை: அனந்தபுரி

அரசர் பத்மநாபபுரத்தில் வாழ்ந்த காலத்திலேயே திருவனந்தபுரம் திருத்தலமாகப் புகழ் பெற்றிருந்தது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் இத்தலத்திற்கே ஆக்கியிருக்கிறார். ஆகவே தமிழ் இந்நகருக்குப் புதிதாக வந்து சேர்ந்த விருந்தாளி அன்று. நகரம் நகரமாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இத்தலத்தைப் பாடிய மொழி அது.

1686-ஆம் ஆண்டின் தீயினால் கோயில் பெரிதும் அழிந்தது. மார்த்தாண்டவர்மர் அதனைப் புதுப்பித்தார். 1747-ஆம் ஆண்டில் கோயிலையும் அதனைச் சூழ்ந்த தெருக்களையும் வளைத்து மதில் எழுப்பினார். 1750-ஆம் ஆண்டில் திருப்படித்தானம் செய்து நாட்டையே பத்மநாபனுக்கு அர்ப்பணித்தார். பாண்டிநாட்டுப் பாணியில் ஏழு நிலைகளுடன் உயர்ந்து நிற்கும் கோபுரமும், கல்தூண்கள் அணிவகுத்த சீவேலிப்புரையும் இன்றும் இந்நகரின் அடையாளங்கள். கேரள மண்ணில் இத்தகைய கோபுரம் அரிது. அதன் நிழலில் நின்று அண்ணாந்து பார்க்கும் நெல்லைக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் தம் ஊர்க் கோயில் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

நாடு வடக்கே விரிந்தபின் தென்கோடியில் இருந்த பத்மநாபபுரம் தலைநகராவதற்கு ஏற்றதாக இல்லை. தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் 1795-ஆம் ஆண்டில் தலைநகரைத் திருவனந்தபுரத்திற்கு மாற்றினார். தலைநகர் மாறுவதென்றால் அரியணை மட்டுமா மாறும்? படை வந்தது, படையினர் வணங்கிய பிள்ளையாரும் உடன் வந்தார். அவரே இன்று கிழக்கே கோட்டையருகே பழவங்காடியில் எழுந்தருளியிருக்கும் கணபதி. அக்கோயிலை இன்றும் இந்தியப் படையினரே பேணி வருகின்றனர். பழவங்காடி என்பது பழைய அங்காடி. அங்காடியோ சங்க காலத்துச் சொல்.

மதிலுக்கு வெளியே மலர்ந்த சாலை

ஊர் பெருகினால் உணவு வேண்டும். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில்நாடு. அங்கிருந்து வரும் பாதை கரமனை ஆற்றையும் கிள்ளியாற்றையும் கடந்து கோட்டையின் கிழக்கு வாயிலை வந்தடைந்தது. அப்பாதையின் முனையில் கடைத்தெருவை நிறுவியவர் திவான் ராஜா கேசவதாசர். அவரும் தென்பகுதியான விளவங்கோடு வட்டத்தில் பிறந்தவரே. சாலைக் கம்போளம் என்று பெயர் பெற்ற அக்கடைத்தெருவில் நாஞ்சில்நாட்டாரும் நெல்லைச் சீமையாரும் கடை வைத்தனர். தோவாளையில் தொடுத்த பூ இன்றும் விடியுமுன் அங்கு வந்து இறங்குகிறது.

வணிகர் வந்தது போலவே தொழிலாளரும் வந்தனர். பலராமவர்மர் காலத்தில் உம்மிணித் தம்பி திவானாக இருந்தபோது, அரச குடும்பத்திற்கு ஆடை நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் அழைத்து வரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். அவ்வூரே பலராமபுரம். இன்று கேரளத்தின் பெருமையாகப் போற்றப்படும் பலராமபுரம் கைத்தறி, தெற்கேயிருந்து வந்த அந்நெசவாளரின் தறியில் பிறந்ததேயாகும். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழந்தணர் தெருக்கள் அமைந்தன. ஒரு சுவரை இரு வீடுகள் பகிர்ந்து நிற்கும் அவ்வீட்டு வரிசைகள், தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் மலையாள நாட்டு வீடுகளினின்றும் வேறுபட்டு, தம் வரலாற்றைத் தாமே உரைக்கின்றன.

கனசாவாவில் தச்சரும் கொல்லரும் எவ்வாறு ஊராயினரோ, அவ்வாறே இங்கு நெல் கொணர்ந்தோரும் நூல் நூற்றோரும் கணக்கெழுதியோரும் ஊராயினர்.

வாயில் யாருக்குத் திறந்தது?

இவ்வளவும் பெருமைக்குரியனவே. ஆயினும் வரலாறு எழுதுவோன் ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாகாது. மதில் பகைவரை மட்டும் தடுத்ததில்லை. சொந்தக் குடிகளிலும் பலரைத் தடுத்தது. கோயிலை அணுகும் தெருக்கள் பிறப்பின் காரணமாகப் பல்லாயிரவருக்கு அடைக்கப்பட்டிருந்தன. மனிதர் அனைவரும் ஒன்று என்று தென்திருவிதாங்கூரில் முழங்கிய அய்யா வைகுண்டர், சுவாதித் திருநாள் காலத்தில் இந்நகரின் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைக்கப்பட்டார். தெற்கேயிருந்து நெல்வண்டி வந்த நாட்டிலிருந்தே அவரும் கைதியாகக் கொண்டுவரப்பட்டார். 1893-ஆம் ஆண்டில் அய்யன்காளி, தம் இனத்தவர்க்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டியை ஓட்டிச் சென்றார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனத்தால் அக்கதவுகள் திறந்தன. கோட்டை கட்டப்பட்டு 189 ஆண்டுகள் கழித்தே அதன் வாயில் அனைவர்க்கும் உரியதாயிற்று. நம் முன்னோருள் சிலர் மதிலுக்குள் வாழ்ந்தனர். சிலர் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இன்று ஒரே சங்கத்தில் ஒருங்கே அமர்ந்திருக்கும் நாம் இரண்டையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கோடு பிரித்ததும் சாலை சேர்த்ததும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அந்நாளைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர் பலர் பாடுபட்டுப் பெற்ற பேறு அது. ஆனால் அதனால் முதற் கோட்டை ஒரு மாநிலத்திலும் இரண்டாம் கோட்டை மற்றொரு மாநிலத்திலும் ஆயின. பழைய தலைநகரும் புதிய தலைநகரும் அயலாராயின. இங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களோ வீட்டை விட்டு ஓரடி நகராமலே சிறுபான்மையராயின.

ஆயினும் பிரிக்க முடியாத சில உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ் மண்ணில். அதனைப் பேணுவது கேரள அரசின் தொல்லியல் துறை. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் வருகின்றனர். புறப்படுமுன் அரண்மனையில் உடைவாள் கைமாறுகிறது. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, களியக்காவிளை எல்லையில் வரவேற்பு பெற்று, மூன்றாம் நாள் அவர்கள் கிழக்கே கோட்டையை அடைகின்றனர். சரசுவதி நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் எழுந்தருளுகின்றனர். அச்சரசுவதி திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது வழிவழிச் செய்தி. பாட்டனார் காலத்தில் எங்கள் வீட்டார் தெருவோரம் விளக்கேற்றி அவ்வூர்வலத்தை வழியனுப்பினர். இன்று நானும் என் மகளும் கரமனையில் நின்று வரவேற்கிறோம். வழியனுப்பியவரும் வரவேற்பவரும் ஒரே குடும்பத்தினர்!

நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. நெடுங்காலம் ஆடவர் மட்டுமே பாடிவந்த அம்மண்டபத்தில், 2006-ஆம் ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாகப் பாடினார். கோட்டையின் கதவுகள் இவ்வாறு ஒவ்வொன்றாகவே திறந்துள்ளன.

எழுத்தில் நிற்கும் மதில்

கல் மதில் பல இடங்களில் மறைந்துவிட்டது. ஆனால் சொல்லால் எழுப்பிய மதில் ஒன்று இந்நகரில் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1970-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்து, இந்நகர்க் கல்லூரியில் மெய்ப்பொருளியல் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-ஆம் ஆண்டில் வெளியிட்ட மனோன்மணீயத்திலிருந்து எடுக்கப்பட்டது. நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ இரணியலின் வாழ்வைக் காட்ட, அவரது ‘பள்ளிகொண்டபுரம்’ திருவனந்தபுரத்தின் வாழ்வைக் காட்டுகிறது. நாம் பேசிவந்த சாலையின் இரு முனைகளும் ஒருவர் எழுத்திலேயே இணைகின்றன. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவன், அத்தெருவின் மாந்தரையே கதைமாந்தராக்கி, 2015-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். கும்பகோணத்தில் பிறந்து இந்நகரில் ஆங்கிலம் கற்பித்த நகுலன், இங்கேயே வாழ்ந்து தமிழில் எழுதி இங்கேயே மறைந்தார். கடையும் கல்லூரியும் தமிழ் வளர்த்த ஊர் இது.

படிவத்திற்கு விடை

எனவே, ‘நாம் எந்த ஊர்க்காரர்கள்?’ என்ற வினாவிற்கு வருவோம். பிழைக்க வந்தவர் என்று நம்மை நாமே குறைத்துச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அண்மையில் மாற்றலாகி வந்தோர்க்கு அது பொருந்தலாம். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த ஊரும், தமிழர் சேர்ந்து சமைத்த ஊரே. நாம் இந்நகரின் உரிமையாளர் என்று மார்தட்ட வேண்டியதில்லை. மலையாள மக்கள் அன்புடன் நம்மோடு வாழ்கின்றனர். வந்தேறிகள் என்று தலைகுனியவும் வேண்டியதில்லை. கூட்டாகக் கட்டிய வீட்டில் கூட்டாக வாழ்கிறோம். அவ்வளவே.

உண்மையான கவலை வேறொன்று. டிலனாயின் கல்லறையில் உள்ள தமிழெழுத்தை நம் பிள்ளைகள் படிப்பார்களா? என் மகள் தமிழை வீட்டில் பேசுகிறாள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் எழுதுகிறாள். தமிழெழுத்தை மட்டும் கூட்டிக் கூட்டியே படிக்கிறாள். இது அவள் குற்றமன்று, என் குற்றம். கடந்த விடுமுறையில் அவளை உதயகிரிக்கு அழைத்துச் சென்றேன். கல்லறைக் கல்லருகே குனிந்து, தேய்ந்த எழுத்துகளை விரலால் தொட்டு, “அப்பா, இது ‘க’ தானே?” என்றாள். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வெழுத்து அவளுக்குப் பாதிதான் புரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் முழுதும் புரியவில்லை. ஆனால் அன்று முதல் மாலைதோறும் அரைமணி நேரம் தமிழ் படிப்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாயிற்று.

சங்கத்து அன்பர்களிடம் எளியேன் வேண்டுவது இதுவே. ஒரு ஞாயிறன்று பிள்ளைகளுடன் கிழக்கே கோட்டை வாயிலில் தொடங்கி, எஞ்சியுள்ள மதிலை ஒட்டி நடந்து, மேற்குக் கோட்டை வரை செல்லுங்கள். பழவங்காடி, ஆரியசாலை, வலியசாலை, வெட்டிமுறிச்ச கோட்டை என்னும் பெயர்களின் பொருளை வழியெல்லாம் சொல்லுங்கள். மற்றொரு ஞாயிறன்று பத்மநாபபுரத்திற்கும் உதயகிரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். 1979-ஆம் ஆண்டு முதல் நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதையும் உள்ளது. இரணியலில் இறங்கினால் தக்கலை அண்மையிலேயே உள்ளது. கல்லைக் காட்டி எழுத்தைக் கற்பித்தால் பிள்ளைகள் மறவார்.

அப்படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்னுமிடத்தில் என் மகள் என்ன எழுதினாள் என்று அறிய விரும்புவீர்கள். ‘திருவனந்தபுரம்’ என்றே எழுதினாள். எழுதிவிட்டு, அலுவலர் படிப்பாரோ மாட்டாரோ என்று எண்ணாமல், பக்கத்தில் சிறிய தமிழெழுத்தில் ‘கல்குளம் வழி’ என்றும் சேர்த்தாள். நான் அதனைத் திருத்தவில்லை.